அளக்கும்போதே போய்விட்ட அரிசி

(யூத, கிறிஸ்தவ மரபுகளில் சமயப் பணிக்கான கொடை பற்றித் தவளக்குப்பத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தச் சொற்பொழிவு யாருடைய பணத்தில் நடக்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தமக்குக் கிடைத்த பணிக்கொடையில் ஒரு பங்கை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டார். வட்டியில் ஆண்டுக்கொரு சொற்பொழிவு நடக்க வேண்டும், முதலில் கை வைக்கக் கூடாது, தம் பெயரை மேடையில் சொல்லக் கூடாது என்று மூன்று நிபந்தனைகள் எழுதிவைத்தார். மூன்றாவது நிபந்தனையை மதித்து அவர் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். முதலைத் தொடாத கொடை நம் மண்ணுக்குப் புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் விடுவார்கள். சாவா மூவாப் பேராடு என்று அதற்குப் பெயர். ஆடு சாகும், கிழடாகும். மந்தை மட்டும் எண்ணிக்கை குறையாமல் இருக்கும், விளக்குக்கு நெய் வந்துகொண்டே இருக்கும். அந்த ஆசிரியையின் வைப்புத்தொகையும் அப்படியொரு மந்தைதான்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு யூத, கிறிஸ்தவ மரபுகளில் சமயப் பணிக்கான கொடை. நான் இதைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே வீட்டு அடுப்படியில் பார்த்துவிட்டேன். என் தாயார் சாயர்புரம் பக்கத்துப் பெண். அப்பாவுக்குப் புதுச்சேரியில் பஞ்சாலை வேலை கிடைத்ததால் இங்கே குடிவந்தவர். எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். உலை கொதிக்கத் தொடங்கியதும் அம்மா படியால் அரிசியை அளந்து முறத்தில் கொட்டுவார். கொட்டிய அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவார். அதற்குப் பிறகுதான் கல் பொறுக்குவார், களைவார். இரண்டு வேளையும் இது நடக்கும். மாதக் கடைசியில் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஓர் அக்கா நோட்டுப் புத்தகத்தோடு வருவார். கலயத்தை அவர் முன்னால் கவிழ்த்து அளப்பார்கள். இத்தனை படி என்று நோட்டில் ஏறும். வீடுவீடாகச் சேர்ந்த அரிசியை விற்று, அந்தப் பணத்தை எங்கோ வடக்கே ஊழியம் செய்கிறவர்களுக்கு அனுப்புவார்கள்.

ஆலை மூடிக்கிடந்த மாதங்களில் எங்கள் வீட்டில் ஒருவேளைதான் சோறு. அப்போதும் அம்மாவின் கை கலயத்துக்குப் போனது. எனக்குப் பத்து வயது இருக்கும். பசியில் கேட்டுவிட்டேன். "ஏம்மா, நமக்கே பத்தலையே, இதுல அதுக்கு வேற எதுக்கு?"

அம்மா கோபிக்கவில்லை. "அது நம்ம அரிசி இல்லலே. அளக்கும்போதே போயிட்டு" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூவாயிரம் ஆண்டுச் சிந்தனை ஒன்று இருக்கிறது என்பது பின்னாளில்தான் தெரிந்தது.

எபிரேய மொழியில் கொடைக்குச் சொல்லும் சொல் த்செதாக்கா. அதன் வேர்ச்சொல்லுக்கு நீதி என்று பொருள். இரக்கப்பட்டுக் கொடுப்பதைக் குறிக்க அவர்களிடம் வேறு சொல் உண்டு. த்செதாக்கா என்பது கொடுத்தே தீரவேண்டியதைக் கொடுப்பது. வயலின் ஓரங்களை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்று மோசேயின் சட்டம் சொல்கிறது. அந்த ஓரத்துக் கதிர் விதைத்தவனுக்குச் சொந்தமில்லை. அதுபோலவே பத்தில் ஒன்று. இஸ்ரயேலின் கோத்திரங்களுக்கு நிலம் பங்கிட்டபோது லேவியருக்கு நிலம் ஒதுக்கவில்லை. வழிபாட்டுப் பணிதான் அவர்கள் பங்கு. மற்றவர்களின் விளைச்சலில் பத்தில் ஒன்று அவர்களுக்குப் போய்ச் சேரவேண்டும். அந்த லேவியர் தாம் பெற்றதிலிருந்து பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவனுக்கும் கொடுக்கும் கடமையிலிருந்து விலக்கு இல்லை. இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்ல வந்ததே இதைச் சுற்றித்தான்.

எருசலேம் ஆலயத்துக்கு ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு அரைச் சேக்கல் கொடுத்தான். செல்வந்தன் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது, ஏழை குறைவாகக் கொடுக்கக் கூடாது. ஆலயத்தின் அன்றாடப் பலி யாரோ ஒரு பெரிய மனிதரின் உபயமாக ஆகிவிடக் கூடாது என்பது அதற்குள் இருக்கும் கருத்து. அந்தக் காசு வைத்த அறைக்குள் போய்ப் பணம் எடுத்துவருகிறவருக்கு மிஷ்னா என்னும் யூத சட்டத் தொகுப்பு ஒரு விதி வைத்திருக்கிறது. மடிப்பு வைத்துத் தைத்த உடையோடு அவர் உள்ளே போகக் கூடாது, செருப்போடும் போகக் கூடாது. நாளைக்கு அவர் பணக்காரராகிவிட்டால் அறைக் காசில் ஆனார் என்று ஊர் பேசும். ஏழையாகிவிட்டால் அறைக் காசைத் தொட்ட பாவம் என்று பேசும். கடவுளுக்கு முன் மட்டுமல்ல, மனிதருக்கு முன்னும் குற்றமற்றவராக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். புனித பவுலும் இதே மரபில் வளர்ந்தவர்தான். எருசலேமின் ஏழைக் கிறிஸ்தவர்களுக்காகக் கிரேக்க நாட்டுச் சபைகளில் காணிக்கை திரட்டியபோது, பணத்தைத் தாம் தனியாக எடுத்துச்செல்லாமல் சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களையும் கூட அழைத்துக்கொண்டார். யாரும் தம்மீது பழி சொல்ல இடம் வைக்கக் கூடாது என்பதை வெளிப்படையாகவே எழுதினார். எங்கள் வீட்டுக் கலயத்தைக் கவிழ்த்து அளந்து நோட்டில் எழுதிய அந்த அக்கா இந்த மரபின் கடைசிக் கண்ணி.

இதெல்லாம் எங்கோ மேற்கே நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். கி.பி. 849இல், சேரன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டை ஆண்ட ஐயனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்கு ஒரு கொடை எழுதினார். அந்தப் பள்ளியைக் கட்டியவர் சபீர் ஈசோ என்னும் வணிகர். செப்பேட்டின் எழுத்து வட்டெழுத்து, மொழி அந்நாளில் சேர நாட்டில் புழங்கிய தமிழ். நிலம், வரிவிலக்கு, ஊரின் எடை அளவைகளைக் காக்கும் உரிமை என்று பலவும் பள்ளிக்குக் கொடுக்கப்பட்டன. நிலத்தோடு அதில் உழைத்த குடிகளையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்கள். அந்த வரிகளைப் படிக்கும்போது மனம் உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும். கடைசி ஏட்டில் சாட்சிகளின் கையெழுத்து இருக்கிறது. சிலர் அரபு எழுத்தில், சிலர் பாரசீகப் பகலவியில், நான்கு பேர் எபிரேய எழுத்தில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். இந்து அரசர் கிறிஸ்தவப் பள்ளிக்குத் தமிழில் எழுதிக்கொடுத்த கொடைக்கு யூதர்களும் முஸ்லிம்களும் சாட்சி. கொச்சியிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. சுமார் கி.பி. 1000இல் பாஸ்கர இரவிவர்மன் யூத வணிகர் ஜோசப் ரப்பானுக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கிய செப்பேடு. அதுவும் வட்டெழுத்துதான்.

அப்படி வாங்கிய கொச்சி யூதர்கள் கொடுத்தவர்களும் ஆனார்கள். பரதேசி ஜெபாலயத்தை 1568இல் கட்டினார்கள். டச்சுக் கம்பெனியின் பெருவணிகரான எசக்கியேல் ரகாபி 1760இல் அதற்கு மணிக்கூண்டு எழுப்பினார். தரையில் பதித்த நீலவண்ணச் சீன ஓடுகளும் அவர் காலத்தில் வந்தவைதான். உலகெங்கும் சிதறிய யூதக் குடியிருப்புகள் எருசலேம், எப்ரோன், சாப்பெத், திபெரியா நகரங்களில் வேதம் கற்பவர்களுக்காக ஆண்டுதோறும் பணம் திரட்டின. அதைப் பெற்றுச்செல்லத் தூதர்கள் ஊர் ஊராக வருவார்கள். எருசலேமில் ஊர்வா ஜெபாலயத்தைக் கட்டப் பணம் திரட்டுவதற்காக 1850களின் இறுதியில் புறப்பட்ட யாக்கோபு சபீர் ஏமன், மும்பை, கொச்சி, கல்கத்தா எல்லாம் சுற்றி ஆஸ்திரேலியா வரை போனார். கொச்சி மட்டாஞ்சேரியின் மிளகுக் காசு எருசலேமின் சுவரில் கல்லாகப் போயிருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். இன்று மாலை நான் கடலூர் சாலையில் பேருந்தில் வந்தேன். அரியாங்குப்பத்தைத் தாண்டும்போது இடது பக்கம் ஆற்றோரம் அரிக்கமேடு. ரோமானிய மதுச்சாடி கிடைத்த இடமென்று அதை எல்லோரும் அறிவோம். அந்த மேட்டில் நிற்கும் செங்கல் சுவர்கள் ரோமானியருடையவை அல்ல. அவை பதினெட்டாம் நூற்றாண்டின் கிறிஸ்தவ மிஷன் வீட்டின் மிச்சம். 1770இல் பிஞ்ஞோ தெ பெஹேன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கம்போடியப் பகுதியில் தாக்குதலுக்கு ஆளான தம் குருமடத்தைப் பக்கத்து வீராம்பட்டினத்துக்குக் கொண்டுவந்தார். வியட்நாம், சயாம், சீன மாணவர்கள் இந்த ஆற்றங்கரையில் படித்தார்கள். வியட்நாமிய மொழிக்கும் இலத்தீனுக்குமான அகராதியை அவர் 1773இல் இங்கேதான் தொகுத்தார். அந்த மாணவர்கள் உண்ட சோறு யாரோ கொடுத்த காசு. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வீராம்பட்டினம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அறிந்திருக்க மாட்டார்கள்.

புதுச்சேரியில் கிறிஸ்தவக் கொடை என்றதும் முதலில் வரும் பெயர் கனகராய முதலியார். பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷி. அவருடைய ஒரே செல்லப்பிள்ளை வேலவேந்திரன் 1739இல் இறந்துபோனான். பிள்ளையின் நினைவாக உழவர்கரையில் புனித அந்திரேயா கோவிலைக் கட்டி, 1745 நவம்பர் 30ஆம் நாள், அந்திரேயா திருநாளன்று திறந்துவைத்தார். அன்று நடந்த விருந்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஆளுநர் துய்ப்ளே மனைவியோடு வந்து உண்டார். பல சாதியாருக்கும் தனித்தனியாகச் சமையல், தனித்தனி ஏற்பாடு. கோவில் ஒன்று, பந்தி பல. இந்தக் கொடையின் ஓரத்தில் அந்தக் கறையும் இருக்கிறது. சமயம் மாறியும் பந்தி மாறவில்லை.

கனகராய முதலியாரின் கொடையை நான் குறைவாக மதிப்பிடவில்லை. மகனைப் பறிகொடுத்த தகப்பன் தன் துயரத்துக்கு ஒரு கோபுரம் எழுப்பினான். இருநூற்றெண்பது ஆண்டுகளாக அதன் நிழலில் சனங்கள் முழங்கால் படியிடுகிறார்கள். ஆனால் அடுத்த ஆண்டே அவர் காலமானார். சொத்துக்காக மனைவிக்கும் தம்பிக்கும் இடையே வழக்கு வந்தது, அதுவும் நாட்குறிப்பில் ஏறியது. பெரும் செல்வர் ஒருவரின் கொடை கோவிலைக் கட்டிவிடும். கட்டிய பின் அதில் ஓதுகிறவருக்கும், அதையொட்டிய பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவருக்கும் மாதாமாதம் யார் படியளப்பது? அந்த வீட்டின் செல்வம் அலைந்தால் பணியும் அலைந்துவிடும்.

இதற்கு விடை கண்டவள் பிரான்சின் லியோன் நகரத்து இளம்பெண் ஒருத்தி. போலின் ஜாரிக்கோ. பட்டு வணிகர் வீட்டில் 1799இல் பிறந்தவள். அவளுடைய அண்ணன் பாரிஸில் குருமாணவராக இருந்தபோது, பாரிஸ் அயல்நாட்டு மிஷன் கையில் காசில்லாமல் தவிப்பதைத் தங்கைக்கு எழுதினார். நம் புதுச்சேரி மிஷனை 1776 முதல் நடத்திவந்ததும் அதே பாரிஸ் மிஷன்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். போலின் செல்வர் வீட்டுக் கதவுகளைத் தட்டவில்லை. பட்டுத் தொழிற்கூடத்துப் பெண்களிடம் போனாள். வாரத்துக்கு ஒரு சூ. சூ என்பது ஐந்து சாந்தீம், பிரெஞ்சுச் சில்லறைக் காசு. பத்துப் பேருக்கு ஒருத்தி பொறுப்பு; அவள் வாராவாரம் பத்துப் பேரிடமும் வாங்குவாள். அப்படிப்பட்ட பத்துப் பேருக்கு மேல் இன்னொருத்தி, அவர்களில் பத்துப் பேருக்கு மேல் மற்றொருத்தி. 1822 மே 3ஆம் நாள் இதுவே விசுவாசப் பரப்புதல் சங்கமாக முறைப்படி உருவானது.

ஒரு சூ என்றால் ஆண்டுக்கு இரண்டு பிராங்க் அறுபது சாந்தீம். கணக்கில் இது சொற்பம். ஆனால் கொடுத்தவர்கள் யார்? லியோனின் பட்டு நெசவாளர்கள் கூலி போதாமல் 1831 நவம்பரில் தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்தார்கள். அந்தப் பசி நிறைந்த நகரத்தில் தொடங்கிய வாரக் காசுதான் கடல் கடந்து போன மிஷன்களைத் தாங்கியது. கொடுத்தவர்களுக்குக் கைம்மாறாகக் கிடைத்தது ஒரு சிற்றேடு. உலகெங்குமிருந்து குருக்கள் எழுதும் கடிதங்களை அச்சிட்டுப் பத்துப் பேர் குழுவுக்கு ஒரு பிரதி கொடுப்பார்கள், அவர்கள் கைமாற்றிப் படிப்பார்கள். உன் காசு எங்கே போனது, என்ன ஆனது என்பதற்கான கணக்கு அது. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரமும் 1710 முதல் இதே வேலையைச் செய்தது. தரங்கம்பாடியிலிருந்து மிஷனரி சீகன்பால்க் எழுதிய கடிதங்கள் அங்கே அச்சேறின. அதைப் படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். இலண்டன் சங்கம் ஒன்று அச்சு இயந்திரம் அனுப்பியது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் கப்பலில் வந்தன. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. தமிழ் அச்சு வரலாற்றின் அந்தப் பெரும் ஏணியில் முகம் தெரியாத ஜெர்மானியக் கைவினைஞர்களின் காசும் ஒரு படி.

புதுச்சேரியிலும் அப்படித்தான். துய்ப்புயி என்ற பாரிஸ் மிஷன் குரு இங்கே மிஷன் அச்சகத்தை நடத்தினார். 1844இல் பெண் கல்விக்காகத் தமிழ்ப் பெண்களைக் கொண்டே மரியாவின் மாசற்ற இருதய சகோதரிகள் சபையைத் தொடங்கினார். மூசே பாதிரியாரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855 முதல் வெளிவந்தது. நான் மாணவனாக இருந்த நாளில் அதன் மறுபதிப்பு ஒன்றைப் புரட்டியிருக்கிறேன். தமிழ்ச் சொற்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே பிரெஞ்சு. வாரக் காசு கொடுத்த நெசவுப் பெண்ணுக்கு இந்த எழுத்துக்களில் ஒன்றைக்கூடப் படிக்கத் தெரிந்திருக்காது.

போலினின் முடிவு வேதனையானது. தொழிலாளர் கௌரவமாக வாழ ஒரு முன்மாதிரி இரும்பாலை அமைக்க நினைத்தார், நம்பியவர்கள் ஏமாற்றினார்கள். கடன்காரர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே தேய்ந்து, நகரத்து வறியோர் பட்டியலில் பெயர் ஏறி, 1862இல் இறந்தார். உலகெங்கும் காசு போக வழி செய்தவரின் கையில் காசில்லை. திருச்சபை 2022இல் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது. நூற்றறுபது ஆண்டுகள் கழித்து.

தெற்கே திருநெல்வேலிச் சீமையில் கொடையாளர்களின் பெயர்கள் ஊர்ப்பெயர்களாகவே நிலைத்துவிட்டன. டோனாவூர் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். மிஷனரி ரேனியஸ் ஐயருக்குக் கோவில் கட்டப் பணம் அனுப்பிய ஜெர்மானியப் பிரபு டோனாவின் பெயர் அது. அவர் இந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. என் தாயாரின் சாயர்புரம், துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்கள் குடியேற நிலம் வாங்கிக்கொடுத்த சாயர் என்ற வணிகரின் பெயர். பாளையங்கோட்டையில் கிளாரிந்தா அம்மையார், மராட்டியப் பிராமண விதவை, 1778இல் ஞானஸ்நானம் பெற்று, தம் பணத்தில் எழுப்பிய கோவிலை 1785இல் சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்தார். ஊரார் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்றார்கள். ஊர்த் தண்ணீருக்காக அவர் வெட்டிய கிணறும் அவர் பெயரிலேயே வழங்கியது.

ஆனால் இவையெல்லாம் இன்னும் பாதிக் கதைதான். ஜெர்மனியும் பிரான்சும் இங்கிலாந்தும் கொடுத்தன, தமிழ்ச் சபைகள் வாங்கின. வாங்கிக்கொண்டே இருந்த சபைக்கு என்ன நிகழ்ந்திருக்கும்? வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை இந்தக் கேள்வி குடைந்தது. 1902இல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே கிறிஸ்தவத் தமிழ் மாணவர்கள் தங்கள் காசைத் திரட்டி, கடலுக்கு இப்பால் தொண்டிப் பகுதிக்கு ஓர் ஊழியரை அனுப்பியிருந்தார்கள். தம் நாட்டுக்கு ஈழத்துப் பிள்ளைகள் ஆள் அனுப்புகிறார்கள், திருநெல்வேலியின் பெரிய சபை சும்மா இருக்கிறதே என்று அவர் கூசிப்போனார். 1903 பிப்ரவரி 12இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற மூன்றும் அதன் உறுதி. முதல் ஊழியர் சாமுவேல் பாக்கியநாதன் தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்குப் போனார். மொழி தெரியாத ஊர். அங்கே அவருக்குச் சம்பளம் பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் மெஞ்ஞானபுரத்திலும் பெண்கள் கலயத்தில் போட்ட அரிசி.

பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகி அதே தோர்ணக்கலின் பொறுப்பை ஏற்றார். அங்கே சபையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் தீண்டாமைக்கு ஆளான மாலா, மாதிகா மக்கள். அடுத்தவர் வயலில் கூலி வேலை. இவர்களிடம் என்ன கேட்பது என்று எவரும் தயங்கியிருப்பார்கள். அசரியா தயங்கவில்லை. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைக்கச் சொன்னார். நீங்கள் ஏழைகள், உங்களிடம் வாங்க மாட்டோம் என்று சொல்வது அவர்களைத் திரும்பவும் கீழே உட்காரவைப்பது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கை நீட்டியே பழக்கப்படுத்தப்பட்ட மக்கள் அவர்கள். அந்தக் கை முதன்முதலாகத் தன் உலையிலிருந்து ஒரு பிடியை எடுத்து இன்னொருவருக்கென்று வைத்தபோது அதற்குள் ஒரு நிமிர்வு வந்தது. 1939இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட தோர்ணக்கல் பேராலயத்தில் இந்தியக் கோவில்களின் தூண்களும் இஸ்லாமியக் குவிமாடங்களும் கலந்து நிற்கின்றன. கிறிஸ்தவக் கொடை பற்றி அசரியா தனி நூலே எழுதினார். வாங்கிய லேவியரும் கொடுக்க வேண்டும் என்று முன்னால் சொன்னேன் அல்லவா, அது இங்கே உயிரோடு நடந்தது.

கொடுக்கிற கையின் மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் சபைகளின் அறுப்பின் பண்டிகைக்கு வாருங்கள். வாழைத்தார், பூசணி, முருங்கைக்கட்டு, சேவல், வீட்டுப் பசுவின் முதல் கறவையில் காய்ச்சிய நெய் எல்லாம் பீடத்துக்கு முன் வரும். ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம். ஒரு தேங்காய்க்கு ஒருவர் விலை வைப்பார், அடுத்தவர் ஏற்றுவார். சந்தையில் முப்பது ரூபாய்க்குக் கிடைப்பது இருநூறைத் தாண்டும். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டுத் தேங்காயைத் திரும்ப மேசையிலேயே வைத்துவிடுவார். அது மறுபடியும் ஏலம் போகும். ஒருமுறை ஒரே சேவல் ஐந்து தடவை ஏலம் போனதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் எடுத்தவர் அதை ஒரு விதவைத் தாயின் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்.

இன்றைய நிலையையும் பேசாமல் போனால் உண்மை பேசியவனாக மாட்டேன். சில மேடைகளில் காணிக்கை என்பது முதலீடாகிவிட்டது. நூறு கொடு, நூறு மடங்கு திரும்பும் என்கிறார்கள். வட்டிக்கு அடுத்த வீட்டுக்காரரிடம் கடன் வாங்கி அங்கே போட்ட தாய்மார்களை நான் அறிவேன். அவர்களின் கண்ணீரையும் அறிவேன். கடவுளிடமிருந்து வாங்குவதற்காகக் கடவுளுக்குக் கொடுப்பது இந்த மரபின் எந்தப் பக்கத்திலும் இல்லை. அளக்கும்போதே போய்விட்ட அரிசி திரும்பி வருமா என்று என் அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. அப்படிப் பேசும் இடங்களில் கணக்கும் இருப்பதில்லை; மடிப்பில்லாத உடை அணிந்து அறைக்குள் போன அந்தப் பழைய பணியாளரை அவர்கள் மறந்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடைக்கு 1976 முதல் சட்டம் உண்டு. 2010இல் புதிய சட்டம், 2020இல் திருத்தம். இப்போது அப்பணம் முதலில் டெல்லியிலுள்ள ஒரே அரசு வங்கிக் கிளைக்குத்தான் வரவேண்டும். பல நல்ல பணிகளுக்கு இதனால் நெருக்கடி என்பது உண்மை. அந்த வலியைச் சிறிதாக்க மாட்டேன். ஆனாலும் இதைப் பற்றிப் பேசும் நண்பர்களிடம் நான் அசரியாவைத்தான் நினைவூட்டுகிறேன். லியோனிலிருந்து காசு வந்த காலமும் இருந்தது, பாளையங்கோட்டையிலிருந்து போன காலமும் இருந்தது. இரண்டாவது காலத்தில்தான் சபை தன் காலில் நின்றது.

என் அம்மா மூன்று ஆண்டுகளுக்கு முன் தம் எண்பத்தேழாம் வயதில் காலமானார். கடைசி வரை ரேஷன் அரிசியைப் புடைத்து அவரே உலை வைத்தார். அடக்கம் முடிந்த வாரம் என் உடன்பிறந்த அக்காவும் நானும் அடுப்படியை ஒதுங்கவைத்தோம். கலயத்தைத் திறந்தால் பாதிக்கு மேல் அரிசி. அக்கா அதைத் துணியில் முடிந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எடுத்துப்போனார். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இப்போது பொறுப்பில் இருப்பது ஒரு சின்னப் பெண், கல்லூரியில் படிக்கிறாள். முடிச்சை அவிழ்த்து அளந்தாள். ஒன்றரைப் படிக்குக் கொஞ்சம் குறைவு. யார் பெயரில் எழுத என்று அக்காவிடம் கேட்டாள். அக்காவுக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. அந்தப் பெண் காத்திருந்து பார்த்துவிட்டு நோட்டைப் புரட்டி, அம்மாவின் பெயருக்கு நேரே அந்த மாதக் கட்டத்தில் அளவை எழுதி, தேதி போட்டாள்.